படையல் சட்டை

மூன்று வயதில் இறந்துபோன மகன் குமரேசனுக்குத் தில்லைநாயகி வருஷாவருஷம் படையலில் புதுச்சட்டை வைப்பாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. படைத்த அன்று மதியத் தூக்கத்தில் அவன் வந்து போட்டுக்கொள்வான். முதலில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். அப்புறம், "விடு, நானே போட்டுக்கறேன்" என்றான். மீசை அரும்பியபோது சட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வருஷம், "எம்பையனுக்கும் ஒண்ணு வைம்மா" என்று சிரித்தான். இந்த முறை அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"போதும்மா. இனிமே சட்டை வைக்காத."

"வைக்காட்டி நீ வர மாட்டியேப்பா."

சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவன் கேட்டான்: "நல்லாத்தானே வாழ்ந்தேன்?"

"உனக்கென்னடா ராசா, ஒரு குறையும் இல்ல."

அவன் எழுந்து, சட்டையை அவளிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.