பொட்டு அட்டை

தில்லை நகர் ஓவியக் கூடத்தின் ஜன்னல் வழியே காலை வெயில் சாய்ந்து விழுந்து, மருதையின் படங்களுக்குக் கீழே தரையில் நீளமாகக் கிடக்கிறது. வையம்பட்டி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக ஓடி, டிரிப் ஷீட்டின் பின்பக்கமெல்லாம் பயணிகளை வரைந்து தள்ளியவருக்கு, அறுபத்து மூன்று வயதில் இதுதான் முதல் கண்காட்சி. நேற்று வரை ஒரு படமும் விற்கவில்லை. மனைவி செல்லக்கிளி, மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் தூங்கும் படத்தையே முறைக்கிறாள். "யாரோ பொட்ட ஒட்டிட்டுப் போயிருக்காங்க பாருங்க," என்று சட்டத்தின் மூலையிலிருக்கும் சிவப்பு வட்டத்தை நகத்தால் சுரண்டுகிறாள். சட்டம் ஆடாமல் மருதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். வட்டம் சுருண்டு கீழே விழும்போது, கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் மேகனா ஓடி வருகிறாள். "ஐயோ, அது வித்த படத்துக்கு வைக்கிற அடையாளம்மா. இப்பதான் ஒட்டிட்டுப் போனேன்." மருதைக்குச் சட்டத்திலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை. செல்லக்கிளி அவசரமே இல்லாமல் கைப்பையைத் திறந்து பொட்டு அட்டையை எடுக்கிறாள். இருப்பதிலேயே பெரிய சிவப்புப் பொட்டாகப் பார்த்து உரித்து, அதே மூலையில் கட்டைவிரலால் அழுத்துகிறாள். அட்டையில் இன்னும் நிறையப் பொட்டு இருக்கிறது. சுவரில் இன்னும் ஆறு படம் இருக்கிறது. "மத்ததுக்கும் இப்பவே வச்சிடவா?" என்கிறாள். மேகனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மருதை சட்டத்தை விடுகிறார், தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"போலாம் ரைட்."