மாடி வீட்டுச் சத்தம்

டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு பெட்டிக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து கோவிந்தம்மாளுக்கு மனசே ஆறவில்லை. வாங்கினது சின்னப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. பூவரசனுக்கு வருகிற ஆவணியில் முப்பத்தொன்பது முடிகிறது.

திண்டிவனத்தில் அவள் வீட்டு மாடிக்கு அவன் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம் காணை. இங்கே ஒரு உரக் கம்பெனியில் வேலை. வாடகை தேதி தவறாமல் வந்துவிடும். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. இந்த ஒன்றுதான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பிப்பான். எங்கெங்கேயோ இருக்கிற நாலு பேர் அவனோடு சேர்ந்து விளையாடுவார்கள். இவன் இங்கிருந்து கத்த, அவர்கள் டிவிக்குள்ளிருந்து கத்த, ரெண்டு மணி நேரம் வீடே ரெண்டு படும்.

கோவிந்தம்மாள் தனி ஆள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் அஸ்வினி பெங்களூரில். தினமும் சாப்பிடுகிற நேரத்துக்குப் போன் பண்ணுவாள். மாடி வீட்டுக்காரனைப் பற்றி அவளிடம் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தால்தான் கோவிந்தம்மாளுக்குச் சோறு இறங்கும்.

"என்னா கத்துறானுங்கன்னே புரியல. காது ரெண்டும் அடைச்சிக்கினு போவுது."

அஸ்வினி சிரிப்பாள். எதற்குத் தினமும் என்னிடம் சொல்கிறாய், அவரிடமே நேராகச் சொல்லேன் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியே விடுவது என்று படியேறினாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. சத்தத்தைப் பற்றிப் பேசத்தான் போனாள். பேச்சு காசில் போய் நின்றது.

"இத்தினி காசைக் கொட்டி, இதுல என்னா தம்பி கெடைக்குது உனக்கு?"

பூவரசன் கொஞ்சம் யோசித்தான்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்கம்மா. வேலை முடிஞ்சு வந்தா பேச ஆள் இல்ல. இதுல நாலு பேரு இருக்காங்க. வெளையாடிக்கினே பேசிக்கினு இருப்போம்."

"பேசறதுக்கா நாப்பத்திரண்டாயிரம்?"

அதோடு அவள் இறங்கி வந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"இப்படிக் காசைக் கரியாக்குனா எந்தப் பொண்ணு கூட இருப்பா?"

கல்யாணமான ரெண்டாவது வருஷமே அவன் மனைவி பிரிந்து போய்விட்டாள். அது கோவிந்தம்மாளுக்குத் தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே சுருக்கென்றது.

அவன் முகம் கொடுக்கவில்லை. "இனிமே சத்தம் வராதுங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

வரவும் இல்லை. மறுநாளே ஒரு ஹெட்போன் வாங்கி வந்துவிட்டான். அவர்கள் பேசுவது அவன் காதோடு போயிற்று. அவனும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கீழே ஒரு சின்ன முணுமுணுப்புகூட இறங்கவில்லை.

முதல் நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. ரெண்டாம் நாள் சமையலறைக் குழாய் சொட்டுவது ஹால் வரைக்கும் கேட்டது. இத்தனை நாளாக அது சொட்டிக்கொண்டிருந்ததே அவளுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அதில் யார் யாரோ சண்டை போட்டார்கள். எரிச்சலாக வந்தது, நிறுத்திவிட்டாள்.

அன்றைக்குப் போனில் அஸ்வினிக்கு ஒரே சந்தோஷம். பார்த்தியா, பக்குவமாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார் என்றாள். பக்குவமாகச் சொன்ன லட்சணத்தைக் கோவிந்தம்மாள் மகளிடம் சொல்லவில்லை.

"அப்புறம், வேற என்னம்மா?"

யோசித்துப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்ல கண்ணு" என்றாள்.

ரெண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். அதற்கும் மறுநாள் அஸ்வினி, ஆபீஸ் வேலை இருக்கும்மா, நாளைக்குப் பேசறேன் என்று மெசேஜ் போட்டிருந்தாள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். அன்றைக்கு ஏழு மணிக்கு ஒரு கிண்ணத்தில் அவித்த மல்லாட்டைக் கடலையைப் போட்டு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

கதவைத் திறந்த பூவரசன் அவளைப் பார்த்ததும் பதறிப்போய் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.

"சத்தம் கேட்டுச்சாங்கம்மா? மெதுவாத்தான் பேசினேன்."

அதெல்லாம் இல்லை என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள். அன்றைக்கு அந்த மாதிரி பேசினது தப்புதான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். பரவாயில்லீங்கம்மா என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

அவள் போவாள் என்று நின்றான். அவள் போகவில்லை. அவன் தோளுக்கு மேலே உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற எதுனா சொல்லணுமாங்கம்மா?"

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே, குரலை இறக்கிக் கேட்டாள்:

"உங்கூட வெளையாடுவாரே, துபாய்ல இருக்கிற அந்த வல்லரசுத் தம்பி... ஊர்ல பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம், கூட இருக்க முடியலன்னு அழுதுக்கினு இருந்தாரே, என்னா கொழந்தப்பா பொறந்துச்சு?"