இறகு விழுந்த பந்தயம்

"உங்க வீட்டுக்காரர் பணம் வாங்கினாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"வாங்கல சார்."

"மூணாவது தடவையா இதையே சொல்றீங்க."

"நீங்களும் மூணாவது தடவையா இதையேதானே கேக்கறீங்க?"

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. புருஷன் போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசைக்குக் கீழேயே எடை பார்க்கும் கருவி கிடந்தது. இந்த வீட்டில் தட்டில் விழுந்த ஒவ்வொரு கவளத்துக்கும் அதுதான் நாட்டாமை செய்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

இறந்தவர் ஜாக்கி; பந்தயக் குதிரை ஓட்டுபவர். பந்தயத் திடலில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இறகு' என்றால்தான் தெரியும். உடம்பு ஐம்பது கிலோவைத் தாண்ட விட்டதே இல்லை. அவளும் ஒல்லியாகத்தான் இருந்தாள்.

"அவர் அரை வயித்தோட எழுந்திரிக்கும்போது எனக்கு மட்டும் எப்படி சார் இறங்கும்? நம்ம குடும்பத்துல வயிறு நிறையச் சாப்பிடறது குதிரை மட்டும்தான்னு சொல்லிச் சிரிப்பார்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு நிதி நிறுவன முதலாளியை மூன்று வருடமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த மோப்பம் கடைசியில் இந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"நடந்ததை முழுசா சொல்லிடறேன், கேளுங்க. ஜனங்க போட்ட டெபாசிட்டை அந்த முதலாளி சுரண்டித் தின்னுட்டான். தணிக்கை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், மிச்சமிருந்ததை வழிச்செடுத்து ஒரு குதிரை மேல கட்டினான். ஆனா உங்க வீட்டுக்காரர் ஓட்டற குதிரைதான் ஜெயிக்கும்னு ஊரே பேசிச்சு. அது தோத்தாத்தான் அவனுக்குப் பிழைப்பு. அதுக்காக இந்த வீட்டுக்கு அஞ்சு லட்சம் அனுப்பினான்."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, குதிரைக்குச் சேணம் போடற இடத்துல அவனோட ஆள் ஒருத்தன் போய், 'பேசினதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல?'ன்னு கேட்டிருக்கான். இவர், 'என்ன பேசினோம்? தள்ளுப்பா, நான் ஜெயிக்கணும்'னு சிரிச்சிருக்கார். காசையும் வாங்கிட்டுக் கழுத்தறுக்கிறானேன்னு அவனுங்களுக்கு ஆத்திரம். சேணத்தோட வயித்துப் பட்டையைப் பிளேடால பாதி அறுத்து விட்டுட்டானுங்க. கடைசி வளைவுல அது முழுசா அறுந்துடுச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப... முன்னாடிதான் இருந்தாரா சார்?"

"முதல்ல இருந்தார்மா. ரெண்டு குதிரை நீளம் முன்னாடி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி மாட்டிட்டான், உள்ளே போகத்தான் போறான். ஆனா, 'வீட்டுல சேர்த்தாச்சு'ன்னு ஆள் வந்து சொன்னது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பணத்தைக் கொண்டுவந்தவன் தலைமறைவு. உங்க வீட்டுக்காரர் வாங்கினார்னு முடிவாயிட்டா, பதினேழு வருஷமா அவர் ஜெயிச்சதையெல்லாம் பந்தயக் கழகம் அழிச்சுடும். உங்களுக்கு வர வேண்டிய உதவித்தொகையும் போயிடும்."

இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் ஒரு வரிகூட மாற்றி எழுதியதில்லை. இன்று பையில் ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தார். அதை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"கொண்டுவந்தவன் நடுவழியிலேயே அமுக்கிட்டான்னு எழுதியிருக்கேன். இந்த வீட்டுக்குப் பணமே வரலைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நல்ல மனுஷன்மா அவர். ஏதோ சபலம். ஆனாலும் கடைசி நேரத்துல மனசு கேக்காம நேர்மையாத்தான் ஓட்டியிருக்கார். செத்தவர் பேர் கெட வேண்டாம்."

அவள் தாளை எடுத்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே நோட்டுக் கட்டுகள். கட்டியிருந்த சணல்கூட அவிழ்க்கப்படவில்லை.

அதிகாரிக்கு மனம் விட்டுப்போயிற்று. "இதை எதுக்கும்மா காட்டினீங்க? என் கண்ணுல படாமலே இருந்திருக்கலாமே. அப்ப அவர் வாங்கித்தான் இருக்கார்."

"பொய்ல கையெழுத்துப் போட்டா அவர் பேர் நிக்கும்ங்கிறீங்க. உண்மையைச் சொன்னாலும் நிக்கும் சார்."

"எப்படிம்மா?"

"மூணு தடவை விழுந்து தோள் எலும்பு உடைஞ்ச மனுஷன் சார் அவர். கூட்டத்துல முட்டி மோதாம, ஒதுங்கிப் பின்னாடி வந்தாப் போதும்னு பணம் கொண்டுவந்த ஆள் சொன்னான். இந்த ஒரு தடவையாவது விழாம முழுசா வீட்டுக்கு வந்து சேருவாரேன்னு தோணிச்சு."

அவள் துணிப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அவர் ஒத்துக்கிட்டார்னு சொல்லிப் பணத்தை வாங்கினது நான். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, சொல்லாமலே பந்தயத்துக்கு அனுப்பிட்டேன் சார்."