மயிலிறகுக்கு விசேஷம்

பூங்கனி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைப் புத்தகம் மாதிரி மடித்து, தெருவில் பொறுக்கிய பூவரச இலையைச் சோற்றுப் பசையால் ஒட்டினாள். பக்கத்தில் ஒரு மயிலிறகை வைத்தாள்.

"சீக்கிரம் குட்டி போடணும். இல்லேன்னா அப்பாவுக்குக் காது குடையக் குடுத்திடுவேன்" என்று சொல்லி மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து பத்திரிகை மயிலிறகை விடவில்லை.

"ஏம்மா, ஏதும் விசேஷம் உண்டா?"

"இல்லைங்க அத்தை."

"நான் போய்ச் சொன்ன கல்யாணத்துல பத்தாம் மாசமே பிள்ளை பொறந்தாச்சு, தெரியுமா?"

"அவளைக் கொஞ்சம் விடுங்களேன்" என்றது பூவரச இலை.

மயிலிறகுக்கு அழுகையாக வந்தது. அந்த அப்பாவின் காதை நினைத்தாலே உடம்பெல்லாம் கூசியது.

ஒருநாள், பசை வாசனைக்கு வந்த புழு ஒன்று மயிலிறகுக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது.

"பொறந்துடுச்சு!" என்று பத்திரிகை கத்தியது. "அப்படியே அம்மா ஜாடை! மூக்கு மட்டும் என்னை மாதிரி."

மயிலிறகு இலையைப் பார்த்தது. இலை வேறு பக்கம் பார்த்தது.

"ஆமாங்க அத்தை" என்றது மயிலிறகு.

புழு நேராகப் போய்ப் பத்திரிகையைக் கடித்தது.

"ஐயையோ, மாப்பிள்ளை பேரைத் தின்னுதே! பிடிம்மா!"

"குழந்தைதானே அத்தை" என்றது மயிலிறகு. "கொஞ்சம் பொறுத்துக்குங்க."