ஆற்றுவாய் வெட்டாத நாள்

"மிஸ், வெள்ளம் ஊருக்குள்ள வர ஒன்பது மணித்தியாலம் இருந்திருக்கு. அதுக்குள்ள மண்மேட்ட வெட்டி ஆத்துவாயத் திறந்திருந்தா வாவித் தண்ணி கடலுக்குப் போயிருக்கும். ஒருத்தரும் செத்திருக்க மாட்டாங்க," என்று கணினித் திரையைக் காட்டினான் உதயரூபன்.

"திருப்பி ஓட்டிப் பாருங்க," என்றார் விரிவுரையாளர் சுலோஜனா.

மூன்று தரம் ஓட்டினான். ஒன்பதுதான் வந்தது.

"புரோகிராம் சரி மிஸ். அண்டைக்கு 'நாளைக்கு வெட்டலாம்' எண்டு கையெழுத்து வச்ச இஞ்சினியருக்குத்தான் விசர்."

நேரம் போதாமல்தான் போனது என்று ஒரு பிள்ளையாவது கணக்குப்போட்டுக் காட்டாதா என, பதினோரு வருடமாக இதே வெள்ளத்தைத்தான் சுலோஜனா பயிற்சியாகக் கொடுக்கிறார்.

அவனுக்கு முழுப் புள்ளியும் போட்டார். அடியில், அன்று வைத்த அதே கையெழுத்தை வைத்தார்.