கேட்ட இடத்துக்கு மட்டும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், சென்னையில் வேலை பார்க்கும், அப்பா சாகும்வரை ஆறு மாதமாக ஊர்ப்பக்கமே வராத முத்துச்செல்வம் அம்மாவுடன் தென்காசி கார் ஷோரூமுக்கு வந்தான்.

"அப்பா காரு எங்கெங்க போயிருக்குன்னு பாக்கணும்."

"கார் போன இடமெல்லாம் கம்பெனி கம்ப்யூட்டர்ல பதிவாகி ரகசியப் பூட்டுல இருக்கு சார். எங்களாலயும் பாக்க முடியாது. ஒரு இடத்தைக் கேட்டா, அங்க எத்தனை தடவை போச்சுன்னு மட்டும் கம்ப்யூட்டர் சொல்லும்," என்றார் ஊழியர்.

"திருநெல்வேலி ஆஸ்பத்திரி."

"ஒரு தடவைகூட இல்ல சார்."

முத்துச்செல்வம் கொதித்தான். "சனிக்கிழமைதோறும் ஊசி போட்டுட்டேன்னு போன்ல சொன்னாரே! அப்ப எங்கதான் போனாரு?"

அம்மா ஊழியரிடம், "செங்கோட்டை ஸ்டேஷனைக் கேளுங்க தம்பி," என்றாள்.

"இருபத்திமூணு தடவை."

"அங்கன யாரைப் பாக்கப் போனாரு?" என்றான் முத்துச்செல்வம்.

அம்மா மகனைப் பார்த்தாள்.

"'மவன் இன்னைக்கு ரயில்ல வாரேன்னுருக்கான், ஊசியை அடுத்த வாரம் போட்டுக்கிடலாம்'னுட்டுப் போவாருலே."