கீழ்ப்பிடி

மூன்றாம் மாடித் திருப்பத்தில் சவப்பெட்டி சிக்கிக்கொண்டு நின்றபோதுதான் அவன் வந்து சேர்ந்தான்.

பதினான்கு மணி நேர ரயில். பாதி தூரம் கதவோரம் நின்றபடி. தோளில் பை, உடம்பில் வேலைச் சட்டை, சட்டை முதுகில் கடைக்காரன் அச்சடித்த ஃபிரிட்ஜ் படம்.

தாத்தா போய்விட்டார் என்று வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பழைய லாரி டிரைவர் ஒருத்தர்தான் போன் போட்டார். கேட்டதும் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அந்த மனுஷனைக் கீழே இறக்கும்போது தன் கை இருக்க வேண்டும்.

படியில் நின்ற சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் ‘வா’ வரவில்லை. அத்தை மட்டும் வாயைத் திறந்தாள்.

“வந்துட்டான் பாரு கைநழுவி. உயிரோட இருந்தப்போ போட்டது போதாதா? செத்த பிறகும் போட வந்துட்டியா?”

யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சிரிப்புக்கு வராது.

அவன் பையைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டினான்.

மூன்று வருஷமாக இந்த வீட்டில் ‘கைநழுவி’தான் அவன் பேர். தாத்தாவும் சித்தப்பாவும் அவனும் ஒன்றாகச் சுமை தூக்கியவர்கள். ஒருநாள் இதே மாதிரி ஒரு படிக்கட்டில் இரும்பு பீரோ இறக்கினார்கள். கீழே தாத்தா. மேலே மற்ற இரண்டு பேரும். பீரோ நழுவித் தாத்தாவின் இடுப்பில் இறங்கியது. “விட்டுட்டானே பாவி!” என்று சித்தப்பா போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவன் பதில் பேசவில்லை. பேசாதவன் தலையில்தானே எல்லாம் விடியும்.

வெளியூருக்குப் போய்விட்டான். நடுவில் இரண்டு தடவை பார்க்க வந்தான். சித்தப்பா கதவுச் சங்கிலியை எடுக்காமலே அனுப்பிவைத்தார்.

அன்றைக்குப் படுத்த தாத்தா, சித்தப்பா வீட்டு நான்காம் மாடியை விட்டு இன்றைக்குத்தான் இறங்குகிறார்.

பெட்டியின் கீழ்முனை சித்தப்பாவின் மாப்பிள்ளை கையில் இருந்தது. பேனாவுக்கு மேல் எதையும் தூக்கிப் பழகாத கை. பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொண்டு, கத்துவதா மானத்தைக் காப்பாற்றுவதா என்று முழித்தான். மேல்முனையைப் பிடித்திருந்தார் சித்தப்பா.

“அவன் தொடக்கூடாது. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் தொடக்கூடாது.”

“அப்போ சாயங்காலம் வரைக்கும் இப்படியே நில்லுங்க.”

பெட்டி ஒரு விரற்கடை சரிந்தது. மாப்பிள்ளையின் மானம் அதோடு போயிற்று. “ஐயோ மாமா!” என்று அலறினான். பேரன் உள்ளே புகுந்து தோளைக் கொடுத்ததும், மாப்பிள்ளை விரலை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. தடுத்தவன் தோள் கொடுக்க வேண்டுமே.

மேல்பிடிக்குப் பேர், கீழ்ப்பிடிக்குப் பாரம் என்பார் தாத்தா. நீளமான சுமையைத் திருப்பத்தில் நிமிர்த்தித்தான் திருப்ப முடியும். நிமிர்த்தினால் முழுப் பாரமும் கீழே நிற்பவன் மேல். மேலே பிடித்தவன் விடாமல் இருந்தால் போதும். அவ்வளவுதான் அவன் வேலை.

“தலைப் பக்கத்தைத் தூக்குங்க. இன்னும். கம்பிக்கு மேல வரணும்.”

“மனுஷனை நிக்க வைக்கிறானே!” என்று மேலே சித்தி அலறினாள்.

நிற்கட்டும். மூன்று வருஷம் படுத்தது போதும்.

உள்ளே தாத்தா கால் பக்கமாகச் சரிந்தது அவன் தோளுக்குத் தெரிந்தது. எத்தனையோ பேர் வீட்டுச் சாமானைத் தூக்கிய தோள். மரத்தின் கனம் எது, மனுஷனின் கனம் எது என்று அதற்குத் தெரியும். கனமெல்லாம் மரத்தில்தான் இருந்தது. இரண்டாள் தூக்க வேண்டிய உடம்பு, ஒரு குடம் தண்ணீர் அளவுக்குக்கூட இல்லை. அந்த வீட்டில் என்ன போட்டார்கள், எத்தனை வேளை போட்டார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் திருப்பினான். மூலை சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு வந்தது.

பெட்டியின் அந்தக் கோடியில் சித்தப்பாவின் முகம். மூக்கு நுனியில் வியர்வை. விளிம்பைப் பிடித்திருந்த வலது கை நடுங்கியது. கட்டைவிரல் மெல்ல மெல்ல வழுக்கியது.

அந்த நடுக்கத்தை அவன் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறான். பக்கத்தில் நின்று.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

“இந்தத் தடவையாவது விட்டுடாதீங்க சித்தப்பா.”

சித்தப்பாவின் கண் சித்தியிடம் போயிற்று, அங்கிருந்து அத்தையிடம். கட்டைவிரல் விளிம்பை இறுக்கிக்கொண்டது.

பீரோவுக்கு அடியில் கிடந்தபடி தாத்தா அன்றைக்கு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். காதுக்குள் சொன்னார்: “வாயைத் திறக்காதே. இனிமே அவன் வீட்டுச் சோறுதான் எனக்கு.”

தாத்தாவுக்கு இனிச் சோறு வேண்டாம்.

“ம்ம், இறங்குங்க,” என்றான் அவன்.

இன்னும் மூன்று மாடி இருந்தது.